தண்ணீர் விழுந்த தலை

நேற்று மாலை போதகர் வீட்டிலிருந்து ஒரு தாள் வந்தது. கோயிலில் கல்யாண ஓலை வாசித்துச் சபைக்கு அறிவிப்பதற்கு முன்னால் நிரப்பிக் கொடுக்க வேண்டிய அச்சுத்தாள். யுத்த காலத்துக் காகிதம், பேனாவை வைத்தால் மை நாலா பக்கமும் ஊறுகிறது. மணமகன் பெயர், வயது, வேலை. அதற்குக் கீழே மூன்று கோடு: ஞானஸ்நானம் பெற்ற நாள், பெற்ற இடம், கொடுத்தவர். என் மகனுக்குப் பெண் நிச்சயமாகியிருக்கிறது. அதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும்படி ஆகிவிட்டது.

பேனாவைத் தோய்த்து மணமகன் கோட்டில் அவன் பெயரை எழுதப் போனேன். கை அங்கேயே நின்றுவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆக, நேற்று வரை அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேறு யாரிடமும் கேட்க முடியாது என்பதால் உனக்கே எழுதுகிறேன். பதில் வராது என்பது தெரியும். நீ உயிரோடு இருந்தபோதும் என் கடிதங்களுக்குப் பதில் போட்டவள் அல்லவே.

பூந்தமல்லி போர்டிங் ஸ்கூலில் நம் இருவருக்கும் ஒரே பாய். நீ படுத்தால் முக்கால் பாய் உன்னுடையது, நான் பாதி உடம்பைத் தரையில் வைத்துக்கொண்டு கிடப்பேன். "கொஞ்சம் தள்ளிப் படுடி" என்பேன். "தள்ளித்தான் கீறேன், செவுரு வந்துட்ச்சு" என்பாய். எழுந்து பார்த்தால் உனக்கும் சுவருக்கும் நடுவில் இன்னொருத்தி படுக்க இடமிருக்கும். பட்டாளத்துக் குதிரை லாயத்தில் வேலை பார்த்த உன் அப்பா, தாயில்லாத பெண் மூன்று வேளை சாப்பிட்டால் போதும் என்று உன்னை எங்கள் மிஷன் பள்ளியில் விட்டுவிட்டுப் போனவர். நீ பிறந்ததோ மாதா கோயில் குடும்பத்தில். நர்ஸ் படிப்புக்குப் பட்டணத்தில் கன்னிகாஸ்திரீகளிடம் போனாய். கட்டிக்கொண்டது செம்பரம்பாக்கத்து ஏரியில் ஆளை முழுசாக முக்கி எடுக்கிற சபைக்காரரை. அவரும் சீக்கிரம் போய்விட்டார். ஒரு ஞாயிறு எங்கள் கோயிலில் உட்கார்ந்திருப்பாய், மறு ஞாயிறு ஏரிக்கரையில் பாடிக்கொண்டிருப்பாய், மாதா திருநாள் வந்தால் தேருக்குப் பின்னால் மெழுகுவத்தியோடு போவாய். எங்கேயும் நீ முழுசாக இல்லை என்று எல்லோரும் குறை சொன்னார்கள். என் கண்ணுக்கு நீ எங்கே போனாலும் முழுசாகத்தான் இருந்தாய்.

கன்னிகாஸ்திரீகள் உனக்குப் பிள்ளைப்பேறு பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள், கூடவே இன்னொன்றையும் கற்றுக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால், போதகரும் பாதிரியும் வரும் வரைக்கும் காத்திராமல், தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமங்களையும் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். அது யார் வீட்டுக் குழந்தையாக இருந்தாலும் சரி. வீட்டாருக்குத் தெரியக்கூட வேண்டாம், துடைக்கிற சாக்கில் ஊற்றிவிடலாம். பூந்தமல்லி டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குமணன்சாவடியிலிருந்து நசரத்பேட்டை வரைக்கும் எத்தனை வீட்டில் நீ அப்படித் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றினாய் என்று எனக்குத் தெரியாது. ஆத்துமாக்களைக் கரை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாய். நானும் உன்னைப் பெரிய புண்ணியவதி என்று நினைத்தேன்.

அதை நிறுத்தியவள் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த பாயின் மனைவி, கதீஜா பீவி. அவளுடைய மூன்றாவது குழந்தை மாதம் முதிராமல் பிறந்து, உன் உள்ளங்கையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. நீ துணியை நனைக்கிற மாதிரித் திரும்பி உதட்டை அசைத்ததை அவள் பார்த்துவிட்டாள். குழந்தை அடங்கி, அழுது முடித்து, மூன்றாம் நாள் நீ போனபோது கேட்டாளாம். "எம் புள்ளையக் குடுத்தது அல்லா. எடுத்துக்கவும் அவனுக்குத் தெரியும். நடுவுல நீ ஏன் பூந்து கையெழுத்துப் போட்டே?" நீ கிளம்பப் பையை எடுத்தாயாம். "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வாணாம்னு சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சுதான் நீ கேக்கல" என்றாளாம். நேரே என் வீட்டுக்கு வந்து, குடிக்கக் கொடுத்த மோரை அப்படியே வைத்துவிட்டு இதைச் சொன்னாய். அதற்கப்புறம், பெற்றவர்கள் வாய் திறந்து கேட்காமல் ஒரு குழந்தையின் தலையிலும் நீ தண்ணீர் ஊற்றவில்லை.

எங்கள் வீட்டில் வாய் திறந்து கேட்டார்கள். முந்தின யுத்தம் முடிந்த சமயம். மழைக்காலத்துப் பகலில் எனக்கு வலி கண்டது. என் வீட்டுக்காரர் சபைக் கமிட்டியில் இருந்தவர், சட்டம் தெரிந்தவர். கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். முதலில் வந்த பிள்ளை நீலம் பாரித்து, துவண்டு, சத்தமில்லாமல் இருந்தது. "அழல" என்று நீ சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. "உயிர் இருக்கும்போதே தண்ணி ஊத்திடும்மா, தானியேல்னு பேர் வை" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார். பால் புகட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் குடத்துத் தண்ணீரை மொண்டு நீ ஊற்றினாய், நாமங்களைச் சொன்னாய், பெயரைச் சொன்னாய். அப்போதுதான் உனக்கே தெரிந்தது, உள்ளே இன்னொன்று இருக்கிறதென்று. அது வெளியே வரும்போதே ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தது. அந்த அழுகையைக் கேட்டு அவர் வெளியே ஸ்தோத்திரம் சொன்னார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததுவரைதான் நினைவிருக்கிறது.

மீதியைப் பிற்பாடு நீ சொல்லித்தான் தெரியும். அழுகிற பிள்ளையைத் துணியில் சுற்றி ஓரமாகக் கிடத்திவிட்டு, துவண்டதன் வாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டே இருந்தாய். அது முனகியது, பிறகு மூச்சு வாங்கியது, பிறகு அழுதது. ஒரு மணி நேரம் கழித்து, நன்றாக இருந்த பிள்ளை யாரும் நினைக்காத நேரத்தில் கறுத்துப்போய் அடங்கிவிட்டது. சாகும் என்று தண்ணீர் ஊற்றிய பிள்ளை பிழைத்தது. பிழைக்கும் என்று விட்டுவைத்த பிள்ளை செத்தது. இப்படி ஒரு தவறைச் செய்ய, தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொண்ட ஒருத்தியால்தான் முடியும்.

அப்போதிருந்த பழைய போதகர் சாயங்காலம் வந்தார். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் வழக்கம் உனக்கும் தெரியும். ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கு மணி கிடையாது, ஜெபம் கிடையாது, மதிலுக்கு வெளியேதான் குழி. பிறந்து ஒரு மணி நேரம் இருந்த சிசுவானாலும் அதுதான் சட்டம். "எந்தக் குழந்தைக்கு ஊத்தினே?" என்று அவர் கேட்டார். வெளியில் நின்ற என் வீட்டுக்காரர், தான் கேட்ட முதல் அழுகை தண்ணீர் படாத பிள்ளையுடையது என்று எண்ணிக்கொண்டிருந்தார். அது சரிதான், ஆனால் அதற்குப் பிறகு உள்ளே நடந்தது தெரியாமல், அழாத பிள்ளைதான் செத்தது என்று நம்பிவிட்டார். நீ என்னைப் பார்த்தாயாம். நான் செத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்திருந்தேனாம். "செத்ததுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாய்.

மணி அடித்தார்கள். மதிலுக்கு உள்ளே, வடக்கு ஓரத்தில் சிசுக்களின் வரிசையில் வைத்தார்கள். அடக்கப் பதிவில் தானியேல் என்று எழுதினார்கள். அண்ணனுடைய பெயர் தம்பியோடு மண்ணுக்குள் போயிற்று. பிழைத்தவனை மூன்று மாதம் கழித்துக் கோயிலுக்குத் தூக்கிப்போய், ஆசீர்வாதம் என்று பெயரிட்டு, இரண்டாம் முறையாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு தலைக்கு ஒரு முறைதான் ஊற்றலாம், இரண்டாவது ஊற்றுவது முதல் தண்ணீரை அவமதிப்பது என்று வேதபாட வகுப்பில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ கடைசி வரிசையில் நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

ஐந்து வருஷம் நீ அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாய். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற நாளில் ஒவ்வொரு வருஷமும் நீயும் கூட வருவாய். ஒவ்வொரு வருஷமும் நான் அந்தச் சின்ன மேட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு ஒரே பாட்டைப் பாடுவேன். நல்லவேளை நீ தண்ணீர் ஊற்றினாய், இல்லாவிட்டால் என் பிள்ளை மதிலுக்கு வெளியே நாதியற்றுக் கிடப்பான், நீதான் அவனை மோட்சத்தில் சேர்த்தாய் என்று. ஐந்தாவது வருஷம் நீ மட்டையைச் சுண்ணாம்புச் சட்டியில் போட்டுவிட்டாய்.

"மே, நிறுத்து. இனிமே இத்தச் சொல்லாத. நா ஊத்துனது இவனுக்கில்ல."

"பின்னே யாருக்கு?"

பனைமரத்தடியில் நுங்குக் கோம்பையை வண்டியாக்கி உருட்டிக்கொண்டிருந்த என் மகனைக் காட்டினாய். "அவனுக்கு. செத்துடுவான்னு நெனச்சேன். இவன் நல்லாக் கத்திக்கினு இருந்தான், விட்டுட்டேன்."

நான் உன்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. ஒரு வருஷம் உன்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போனேன். உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பயம். ஐந்து வருஷமாக நான் கண்ணை மூடினால் தெரிந்த பிள்ளையை யாரோ ஒரு வெளிச்சமான இடத்திலிருந்து இழுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டுவிட்ட மாதிரி இருந்தது. விட்டவர் யார் என்று யோசித்தேன். நீ இல்லை. நான் தினமும் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

அந்த வருஷக் கடைசியில் வேதபாட வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அண்ணனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண், எங்கள் போர்டிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவள். கிறிஸ்தவக் குடும்பம் அல்ல. வீட்டில் சின்னத் தம்பி காய்ச்சலில் செத்துப்போய், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். ஞானஸ்நானம் பெறாதவர்கள் என்ன ஆவார்கள் என்கிற கேள்விக்கு, மோட்சத்துக்குப் போக மாட்டார்கள் என்று எல்லோரும் கோரஸாகப் பதில் சொன்னார்கள். அவள் மட்டும், "டீச்சர், எங்க தம்பிக்கு யாரும் தண்ணி ஊத்தல. அவன் எங்க இருப்பான்?" என்றாள்.

பதில் எனக்கு மனப்பாடம். அதைச் சொன்னால் அந்தப் பெண் உட்கார்ந்துவிடுவாள், பாடம் நகர்ந்துவிடும். ஆனால் "உங்க அம்மா மடியில இருந்த மாதிரியே ஆண்டவர் மடியில இருப்பான், உட்காரும்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அன்றிலிருந்து பதினாறு வருஷம், ஓய்வு பெறும் வரைக்கும், அந்தக் கேள்வியை நான் என் வகுப்பில் நடத்தவில்லை. பரீட்சை பார்க்க வந்தவர்கள் கேட்டால் என் பிள்ளைகள் விழிப்பார்கள். டீச்சர் சரியில்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று பள்ளி விட்டதும் நேரே உன் வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் குந்தி உட்கார்ந்து கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வருஷம் பேசாதவளைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை.

"என் சின்னவன் எங்கேடி இருக்கான்?" என்றேன்.

தலையைத் தூக்காமலே சொன்னாய். "பெரியவன் அன்னிக்குச் செத்திருந்தா எங்க இருப்பானோ, அங்கதான் கீறான்."

"எப்படிச் சொல்றே?"

"இன்னாமே எப்டிச் சொல்றே? நா ஆள் மாத்தி ஊத்துனேன். தப்பு என்னுது. நா பண்ண தப்புக்கு அந்தக் கொயந்தைய வெளில நிறுத்துற சாமின்னா, அத்தவிட நானே மேலு. நா ஒரு கொயந்தையக்கூட வெளில நிறுத்துனதில்ல." கத்தரிக்கோலை இடுக்கியால் எடுத்து உதறினாய். "நா புடிச்ச தலைங்க அல்லாம் ஒரே சூடு. வெளிய வரும்போது ஒண்ணாவது நா இந்தச் சபைன்னு சொல்லிக்கினு வந்துச்சா?"

நான் உன் வாசல் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ உள்ளே போய் இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்தாய், கருவாட்டுக் குழம்பு. அன்றைக்குத்தான் என் சின்னவன் எனக்குத் திரும்பக் கிடைத்தான்.

அதற்குப் பிறகு நீ அப்பமும் ரசமும் வாங்குகிற ராப்போஜனத்துக்கு எங்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாய். போதகர் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "மேஜையாண்ட யார் வரலாம் யார் வரக்கூடாதுன்னு அவுரு பாத்துக்கினு நிக்கிறாரே, அந்த வேலை முடியட்டும், வர்றேன்" என்று சொல்லி அனுப்பினாய். நான் நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரர் முன் வரிசையில் இருக்கிறவர், பள்ளிக்கூட வேலை மிஷனுடையது, பிள்ளை படிக்கிறான். இப்படிக் காரணங்கள் எனக்கு எப்போதும் கைவசம் இருந்தன. உள்ளுக்குள் உன் கட்சி, வெளியில் சபையின் கட்சி என்று பதினேழு வருஷம் ஓட்டிவிட்டேன். நீ ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

போன வருஷம் இதே மாதத்தில் நீ விஷக்காய்ச்சலில் போனாய். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கி, ரோடெல்லாம் லாரியும் புழுதியுமாக இருந்த சமயம். உன்னை எங்கே வைப்பது என்று கேட்க நானே மூன்று வாசலுக்கும் போனேன். மாதா கோயிலில், சின்ன வயதிலேயே சபையை விட்டுப் போனவள் என்றார்கள். ஏரிக்காரர்கள், முழுக்கு எடுக்காதவள் என்றார்கள். எங்கள் போதகர், பதினேழு வருஷமாக ராப்போஜனம் எடுக்காதவளுக்கு அடக்க ஆராதனை செய்ய முடியாது, உள்ளே இடம் கொடுக்க முடியாது என்றார். வருஷம் முழுக்க ஒருவரையொருவர் தப்பு என்று சொல்லிக்கொள்கிற மூன்று சபையும் உன் விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன. அவர்களை ஒன்று சேர்த்த பெருமை உனக்குத்தான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் போதகர் நின்றார், எதிரே நான் நின்றேன். எனக்குப் பின்னால் உன் கை பிடித்துப் பூமிக்கு வந்த ஜனம் ரோடு வரைக்கும் நின்றது. ஒரு வாக்கியம் என் நாக்கின் மேல் இருந்தது. தண்ணீர் படாத என் பிள்ளை உள்ளே இருக்கிறான், அவன் இருக்கிற இடத்தில் இவள் ஏன் இருக்கக்கூடாது? அவ்வளவுதான். அதைச் சொல்லவில்லை. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தேன். சின்னவன் குழியைத் தோண்டி அவனை வெளியே எடுத்துவிடுவார்களோ என்று நினைத்தேன். எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். நீ எனக்காக ஒரு நொடியில் பொய் சொன்னவள். உனக்காக ஒரு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டத்திலிருந்து கதீஜா பீவியின் மகன்தான் முன்னால் வந்தான், இப்போது இரும்புக்கடை அவனுடையது. வடக்கு மதிலை ஒட்டியிருக்கிற சவுக்குத் தோப்பு அவர்களுடையது. "எங்கம்மா சொல்லி அனுப்புனாங்க. தோப்புல வெச்சிருங்க" என்றான். அங்கேதான் வைத்தோம். மணி அடிக்கவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லிக் கும்பிட்டார்கள், பாடினார்கள், சிலர் சும்மா நின்றார்கள். மண் போடும்போதுதான் கவனித்தேன், மதிலுக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் சிசுக்கள் வரிசை. உனக்கும் என் சின்னவனுக்கும் நடுவில் ஒன்றரைச் செங்கல் கனம்தான்.

நேற்று இந்தத் தாள் வந்தபோது அதெல்லாம் சேர்ந்து வந்தது. ஆவடி டிப்போவில் வேலை முடிந்து மகன் வந்ததும் கைகால் கழுவச் சொல்லி, எதிரே உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். பிறகு, "அப்போ நான் யாரும்மா, தானியேலா ஆசீர்வாதமா?" என்றான்.

"ரெண்டும்."

"அத்தை என் வாயில ஊதினாங்களா?"

"ஊதிக்கிட்டே இருந்தா."

"அத்தை ஊத்தினதையே எழுதும்மா."

"ஓலை வாசிக்க மாட்டேன்னுவாரு."

"ரிஜிஸ்தர் ஆபீஸ் இருக்கு. பெண் வீட்டுல நான் பேசிக்கிறேன். நீ எழுது" என்றான். அவன் எனக்குப் பிறந்தவனாக இருக்கலாம், அந்தத் துணிச்சல் உன் மூச்சோடு போனதாகத்தான் இருக்க வேண்டும்.

எழுதினேன். பெயர், தானியேல் ஆசீர்வாதம். பெற்ற இடம், பூந்தமல்லியில் எங்கள் வீட்டு நடு அறை. கொடுத்தவர் என்கிற கோட்டில் உன் பெயரை முழுசாக எழுதி, பக்கத்தில் மருத்துவச்சி என்று போட்டேன். மை ஊறி எழுத்து தடித்துப்போனது. அதுவும் நல்லதுக்குத்தான், தூரத்திலிருந்தே தெரிகிறது.

இன்று காலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். போதகர் இரண்டு முறை படித்தார். நான் நடந்ததைச் சொன்னேன், நின்றுகொண்டேதான் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை அவர். தாளை மடித்து என்னிடமே நீட்டினார்.

"அம்மா, இதை நான் பார்க்காத மாதிரி இருந்துடறேன். வேற தாள் தர்றேன், கோயில்ல கொடுத்த ஞானஸ்நானத்தை எழுதிக் கொடுங்க."

"இந்தத் தாளே போதும் ஐயா."

"நீங்க எழுதினபடி பார்த்தா கோயில் பதிவும் தப்பு, அடக்கப் பதிவும் தப்புன்னு ஆகுது."

"பதிவு ரெண்டும் தப்புதான். பிள்ளைங்க ரெண்டும் தப்பில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞானஸ்நானம் இல்லாத குழந்தை உள்ளே இருக்குன்னு எழுத்துல வந்துட்டா, நான் மேலே அத்தியட்சருக்கு எழுதியாகணும். வெளியே மாத்தணும்னு உத்தரவு வந்தாலும் வரும். உங்களுக்கு ராப்போஜனமும் நின்னு போகும். யோசிச்சுக்கோங்க."

"பதினெட்டு வருஷம் யோசிச்சாச்சு ஐயா. போன வருஷம் அவளை உள்ளே விடலை நீங்க. விடக்கூடாதுன்னு நீங்க காத்த மதிலுக்குள்ளே தண்ணி படாத என் பிள்ளை இருபத்து நாலு வருஷமா படுத்திருக்கான். மதில் இடிஞ்சா விழுந்துச்சு? பக்கத்துல படுத்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாவது குறைஞ்சு போச்சா? இதை அன்னிக்கே வாசல்ல சொல்லியிருக்கணும். சொல்லாதது என் பாவம், அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

"சபைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கும்மா."

"இருக்கட்டும். இரட்சிப்பு உங்க சபைக்குள்ளேதான் இருக்குன்னா, அவ வாய் வெச்சு ஊதின மூச்சு எதுல சேர்த்தி? உத்தரவு வந்தா எனக்கு ஆள் அனுப்புங்க. என் சின்னவனை நானே தூக்கிட்டுப் போறேன். ரெண்டு எட்டுதான். அந்தப் பக்கம் அவன் அத்தை இருக்கா."

அவர் தாளை வாங்கி மேஜை மேல் வைத்துக்கொண்டார். ஓலை வாசிப்பாரா, மேலே எழுதுவாரா, எனக்குத் தெரியாது. வெளியே வந்து செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அதிலும் உன்னிடம். ஆனால் ஒரு வருஷமாக விழுங்கி வைத்திருந்த வாக்கியம் வெளியே வந்துவிட்டது.

வீட்டுக்கு வராமல் நேரே சவுக்குத் தோப்புக்கு வந்தேன். உன் மேட்டின் மேல் சவுக்கு ஊசிகள் மெத்தையாக விழுந்திருந்தன. கொஞ்ச நேரம் மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் சின்னவன், காலடியில் நீ. அவனுக்கென்று ஒரு பெயர் இன்று வரைக்கும் இல்லை. வைக்கலாமா என்று யோசித்தேன். தண்ணீரும் பெயரும் இல்லாமலே இருபத்து நாலு வருஷம் ஆண்டவர் அவனைத் தெரிந்துவைத்திருக்கிறார், நான் ஏன் நடுவில் புகுந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே, முன்வரிசையில், முன்னமே காலமான என் வீட்டுக்காரரின் கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கிக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல இடம், வேப்பமர நிழல். அது எனக்கு வேண்டாம் என்று நேற்றே மகனிடம் சொல்லிவிட்டேன். கதீஜா பீவியிடமும் கேட்டுவிட்டேன், கேட்காமல் செய்தால் அவளுக்குப் பிடிக்காது. "ஒன்னோட கூட்டாளி பக்கத்துலதானே, வா" என்றாள்.

ஆகவே நான் வரும்போது கொஞ்சம் தள்ளிப் படு. சுவர் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே. சுவர் ஒரு பக்கம்தான் இருக்கிறது, மறுபக்கம் தோப்பு நீளத்துக்கும் இடம் கிடக்கிறது.